வெளி ஆலோசகரா, சொந்த ஆளா? கங்கைகொண்டான் ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கணக்கு

இந்த ஆனி மாதம், திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் தெரிந்த தம்பி ஒருவரின் ஆலைக்குப் போயிருந்தேன். உணவுப் பொருள்களை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. குளிரூட்டுவதற்கான அம்மோனியாவை ஓட்டும் ஒரு கம்ப்ரசர் அறை, ஒரு பாய்லர், நான்கு குளிர்கிடங்குகள். வேலையாட்கள் 180 பேர். அதில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட். மேசைமேல் மூன்று காகிதக் கட்டுகளைப் பரப்பி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல எத எடுக்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.

முதல் கட்டு மும்பையில் இருக்கும் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தினுடையது. ஆலையின் பாதுகாப்புப் பழக்கத்தையே மாற்றித் தருகிறோம், முதலாளியிலிருந்து ஹெல்ப்பர் வரை பயிற்சி தருகிறோம் என்று 18 மாதத் திட்டம். இரண்டாவது, சென்னை நிறுவனம் ஒன்றின் கொட்டேஷன்: மூன்று வாரம் வந்து தங்கி ஹசாப் ஆய்வு (HAZOP, எங்கே என்ன கோளாறு வரலாம் என்று குழாய் குழாயாகத் தேடுவது), அபாய மதிப்பீடு, பாதுகாப்புத் தணிக்கை மூன்றும் செய்து அறிக்கை தருவார்கள். மூன்றாவது ஒரு இளைஞரின் பயோடேட்டா. மெக்கானிக்கல் படித்து, தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்தவர். முழுநேரப் பாதுகாப்பு அதிகாரியாக வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் இல்லாத நாலாவது வழி ஒன்றைத் தம்பியின் மாமனார் சொல்லியிருந்தார்: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பொறியாளரை வாரம் இரண்டு நாள் வரவழைப்பது.

இந்தத் தொழிலில் எனக்கு முப்பது வருடம் ஆகப்போகிறது. சிமெண்ட் ஆலையில் இருந்திருக்கிறேன், ரசாயன ஆலையில் இருந்திருக்கிறேன். அன்று அவரிடம் அரைமணி நேரத்தில் சொன்னதையே, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் விரிவாக எழுதுகிறேன். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி ராக்கெட் மையம் போன்ற இடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே கேள்விகளும் வேறு, கண்காணிப்பும் வேறு. நான் பேசுவது நம் பக்கத்தில் நிறைய இருக்கும் நடுத்தர ஆலைகளைப் பற்றி: ஐஸ் பிளாண்ட், குளிர்கிடங்கு, ரசாயனக் கலவை, பாய்லர் வைத்த அரிசி ஆலை, கல்குவாரி.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1000 பேர் வேலை செய்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், அபாயகரமான செயல்முறை நடக்கும் ஆலைக்கு 250 ஆகவும் குறைத்திருக்கிறது. தம்பியின் ஆலையில் 180 பேர்தான். அடுத்து, அபாயகர ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி அம்மோனியா பல பத்து டன்னைத் தொட்டால்தான் எழுத்துமூலமான அவசரகாலத் திட்டமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் கட்டாயம். அவரிடம் இருப்பது ஆறு டன். ஆக, மேசைமேல் இருக்கும் எதையும் அவர் எடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அவர் கேட்டாரே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஆறு டன்னில் நூறில் ஒரு பங்கு, வெறும் அறுபது கிலோ, மூடிய கம்ப்ரசர் அறைக்குள் வெளியேறினால் உள்ளே நிற்பவர் பிழைப்பது கடினம். காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு அம்மோனியா கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது சென்னை நிறுவனத்தின் கொட்டேஷனை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான முதலாளிகள் கையெழுத்துப் போடுவது இதில்தான். விலை தெரியும், முடியும் தேதி தெரியும், கையில் ஒரு அறிக்கை கிடைக்கும்.

ஹசாப் ஆய்வு நல்ல ஆய்வு. 1960களில் இங்கிலாந்தின் ஐசிஐ ரசாயன நிறுவனத்தில் உருவான முறை. ஒவ்வொரு குழாயாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்: இதில் ஓட்டம் நின்றால் என்ன ஆகும்? அதிகமானால்? திரும்பி ஓடினால்? அம்மோனியா ஆலையில் இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில்கள் இருக்கின்றன. இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டால் நடுவில் சிக்கிய திரவ அம்மோனியா வெயிலில் விரிந்து குழாயை உடைக்கும். கம்ப்ரசர் ஆயில் அடியில் சேரும். அதை வடிக்கும்போது ஆயிலுக்குப் பின்னால் அம்மோனியா பீறிட்டு வரும். அம்மோனியா விபத்துகளில் கணிசமானவை இந்த ஆயில் வடிக்கும் வேலையில்தான் நடக்கின்றன. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்றை அங்கே மாட்டினால் போதும், ஒரு உயிர் தப்பும். இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க, பல ஆலை பார்த்த கண் வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்கு அது இருக்கும். உள்ளே இருப்பவருக்கு பத்து வருடமாகப் பார்த்த குழாய் கண்ணிலேயே படாது.

ஆனால் வெளியூர்க்காரருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அன்று வெளியே வரும்போது பார்த்தேன். கம்ப்ரசர் அறைக்குக் கிழக்கே, காம்பவுண்டு ஓரத்தில், 'அவசரத்தில் கூடும் இடம்' என்று பச்சைப் பலகை நட்டிருந்தது. அன்று அடித்த காற்றில் அந்தப் பலகையே ஆடிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிக்காரனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: ஆனியிலிருந்து புரட்டாசி வரை நமக்கு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் இறங்குகிற காற்று. அதை நம்பித்தான் கயத்தாறிலிருந்து பணகுடி வரை காற்றாலைகள் நிற்கின்றன. கம்ப்ரசர் அறையில் கசிந்தால் அந்த நான்கு மாதமும் புகை நேராக அந்தப் பலகைக்குத்தான் போகும். ஆட்களைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று சொல்வார்கள்; குளிர்ந்த திரவம் பீறிட்டு வெளியேறும்போது அப்படி இல்லை, வெள்ளைப் பனிமூட்டம்போலத் தரையை ஒட்டியே நகரும். அந்தப் பலகையை யார் நட்டது என்று கேட்டேன். முந்தைய தணிக்கை அறிக்கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து நட்டதாகச் சொன்னார். வந்தவர்கள் தை மாதத்தில் வந்திருக்கிறார்கள்.

ஆகவே இந்த ஆய்வை வாங்குகிறவர்களுக்கு இரண்டு யோசனை சொல்வேன். காற்றின் கணக்கை எங்கிருந்து எடுக்கிறீர்கள், பாளையங்கோட்டை வானிலை நிலையத்தின் பல வருட விவரமா, வேறு ஊருடையதா என்று கொட்டேஷன் கட்டத்திலேயே கேளுங்கள். அப்புறம், ஹசாப் கூட்டத்தில் உங்கள் கம்ப்ரசர் ஆபரேட்டரும் மெயின்டனன்ஸ் பிட்டரும் முழு நாளும் உட்கார வேண்டும், பேச்சு தமிழில் நடக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஆபரேட்டர் இல்லாமல் வரைபடத்தை வைத்துக்கொண்டு நடக்கும் ஹசாப், ஆலையை ஆராயாது, வரைபடத்தைத்தான் ஆராயும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அறிக்கை வந்த பிறகு என்ன?

போபால் ஆலைக்கு 1982 மே மாதம் தாய் நிறுவனத்திலிருந்தே ஒரு குழு அமெரிக்காவிலிருந்து வந்து பாதுகாப்பை ஆராய்ந்து, குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு விபத்து நடந்தபோது, விஷத் திரவத்தைக் குளிர வைக்க வேண்டிய இயந்திரம் ஜூன் மாதத்திலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றிக் கிடந்தது. ஆய்வு செய்யாததால் வந்த விபத்து என்று அதைச் சொல்ல முடியாது.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆலையில் இருந்தேன். வெளியிலிருந்து தணிக்கை செய்து தடித்த நீல பைண்டரில் அறிக்கை கொடுத்திருந்தார்கள். சுவாசக் கருவிகளை ஆலையின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. கருவிகளை வாங்கவும் செய்தார்கள். விலை உயர்ந்த பொருள் என்று ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாள் நைட் ஷிஃப்டில் கேஸ்கட் விட்டுக் குளோரின் கசிந்தது. ஸ்டோர் சாவி ஸ்டோர்கீப்பரோடு மானூருக்குப் போயிருந்தது. எங்கள் பிட்டர் ஒருவர் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடிவிட்டு வந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாடி ஏறினால் நடுவில் உட்காராமல் அவரால் ஏற முடிந்ததில்லை. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அதை இன்று வரை என் குறையாகத்தான் வைத்திருக்கிறேன்.

மும்பைக்காரர்களின் திட்டம் இந்தக் குறையைத் தீர்ப்பதாகத்தான் சொல்கிறது: அறிக்கை வேண்டாம், மனிதர்களை மாற்றுகிறோம். இதில் உண்மை இருக்கிறது. இந்த ஆலோசனை மரபின் வேரைத் தேடினால் ஒரு வெடிமருந்து ஆலையில் போய் நிற்கும். 1802இல் அமெரிக்காவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் து போன் (DuPont) என்பவர் வெடிமருந்து ஆலை தொடங்கினார். குடும்பத்தோடு ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். புதிதாகக் கட்டிய அல்லது திருப்பிக் கட்டிய எந்தக் கூடத்துக்குள்ளும், மேலிடத்தில் இருப்பவர் ஒருவர் தாமே முதலில் இயக்கிப் பார்க்கும்வரை தொழிலாளி நுழையக் கூடாது என்பது 1811இல் அங்கே போட்ட விதி. சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்த விதியின் கனம் உடனே புரியும். தலைமை என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் முதலில் உள்ளே போகிறார் என்பதுதான் அதில் கேள்வி.

ஆனால் 18 மாதத் திட்டமாக இது வரும்போது என்ன ஆகிறது? முதலாளி மாதம் ஒருமுறை ஹெல்மெட் போட்டு ஆலையைச் சுற்றி வர வேண்டும், தொழிலாளியிடம் பேச வேண்டும் என்று ஒரு படிவம் தருவார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுவது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடைக்கு நிறுவன மேலதிகாரிகள் அப்படித்தான் சுற்றிப்பார்க்கப் போயிருந்தார்கள். ஏழு வருடமாக வேலைநாள் இழக்கும்படி ஒரு காயம்கூட இல்லை என்று பாராட்டவும் செய்தார்கள். வழுக்கி விழுவது, கீழே விழுவது போன்றவற்றை அக்கறையோடு பார்த்தார்கள். அன்றுதான் கிணற்றின் அழுத்தச் சோதனை காட்டிய அபாய அறிகுறியைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அன்று இரவே மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கை கால் காயத்தின் கணக்கு வேறு, அம்மோனியா வெளியேறும் கணக்கு வேறு. முன்னது குறைந்தால் பின்னதும் குறைந்துவிட்டது என்று நினைப்பது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய தவறுகளில் ஒன்று.

இன்னொரு இடறல் மொழி. கங்கைகொண்டானில் பாதி ஆட்கள் மானூர், தாழையூத்துப் பக்கத்துப் பிள்ளைகள்; மீதி பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஆங்கில ஸ்லைடைப் போட்டு, ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்து நடத்தும் வகுப்பு அவர்கள் இரண்டு பேருக்கும் போய்ச் சேராது. ஆயிரம் இரண்டாயிரம் பேர் இருக்கும் ஆலை, ஏற்கெனவே அனுபவமுள்ள பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, ஆனாலும் விபத்து குறையவில்லை என்றால் இந்தப் பெரிய திட்டம் பலன் தரும். அப்படிப் பலன் தந்ததைப் பார்த்தும் இருக்கிறேன். 180 பேர் ஆலைக்கு இது முதல் செலவு இல்லை.

அந்த பயோடேட்டாவுக்கு வருகிறேன். இங்கேதான் தம்பி தயங்கினார். "சட்டமே கேக்கல, மாசாமாசம் சம்பளம் வேற" என்றார். அவர் தயக்கம் நியாயம்தான். இருபத்தாறு வயசுப் பையன், ஹசாப்பைப் புத்தகத்தில் படித்தவன். சென்னைக் குழு மூன்று வாரத்தில் காண்பதை இவன் மூன்று வருடத்திலும் காணாமல் போகலாம். ஆனாலும் நான் முதலில் இவனைத்தான் எடுக்கச் சொன்னேன்.

காரணம், விபத்து மூன்று வாரத்துக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷட்டவுன் அவசரத்தில், கான்ட்ராக்டர் புதிதாகக் கூட்டி வந்த வெல்டர் பெர்மிட் (அந்த வேலைக்கான எழுத்துமூல அனுமதி) இல்லாமல் டார்ச்சைப் பற்ற வைக்கும்போதுதான் வரும். அந்த நேரத்தில் அங்கே நிற்கிற ஆள் வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்த தகவல் அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேராததில் அது தொடங்கியது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. பைப்பர் எரிந்துகொண்டிருக்கும்போதே, அதோடு குழாயால் இணைந்த பக்கத்து மேடைகள் எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருந்தன. தீ கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் மேலிடத்தைக் கேட்காமல் உற்பத்தியை நிறுத்த அங்கிருந்தவர்களுக்குத் துணிவு வரவில்லை.

அதனால் அந்த இளைஞரை எடுத்தால் மட்டும் போதாது, வேலையை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் நிறுத்திய வேலையைத் திரும்பத் தொடங்கச் சொல்ல புரொடக்‌ஷன் மேனேஜரால் முடியக் கூடாது. முதலாளி ஒருவரால்தான் முடிய வேண்டும். முதல் தடவை அவர் ஒரு லோடைத் தாமதமாக்கும்போது, கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகாமல் நிற்கும்போது, முதலாளி என்ன சொல்கிறார் என்று 180 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 18 மாதப் பயிற்சியில் சொல்லித் தர நினைப்பதை ஆட்கள் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வார்கள். பாதுகாப்பு அதிகாரிக்கான தகுதி விதிகளில், பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்று உண்டு. விதி போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். பெர்மிட் படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும் அச்சடிப்பதை அந்த இளைஞரின் முதல் மாத வேலையாக வைக்கச் சொன்னேன்.

ஓய்வுபெற்றவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இது நம் ஊருக்கென்று இருக்கும் ஒரு வசதி. சங்கர்நகர் சிமெண்ட் ஆலை, தூத்துக்குடி உர ஆலை, சாகுபுரம் ரசாயன ஆலை என்று பெரிய இடங்களில் முப்பது வருடம் ஓட்டியவர்கள் பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். சத்தத்தை வைத்தே கம்ப்ரசரில் கோளாறு சொல்கிறவர்கள். இவர்களைத் தனியாக வைத்தால், வாரம் இரண்டு நாள் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவதோடு நின்றுவிடும்; செய்து முடிக்க ஆள் இருக்காது. இளைஞரோடு சேர்த்து வைத்தால் இரண்டு பேரின் குறையும் அடைபடும். இளைஞருக்குப் புத்தகம் சொல்லாததை இவர் சொல்வார், இவர் சொன்னதை மற்ற ஐந்து நாளும் அவர் பின்தொடர்வார். ஒரு ஜாக்கிரதை மட்டும்: பழைய ஆலையில் பழகிய தப்பையும் அனுபவம் என்று சிலர் கொண்டுவருவார்கள். ஈரத் துணி போதும் என்பவராக இருந்தால் வேண்டாம்.

எந்த வழியிலும் விலைக்குக் கிடைக்காத ஒன்றை அவரிடம் தனியாகச் சொன்னேன். கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் சட்டப்படி ஆலையின் பொறுப்பாளர். ஆலோசகர் கையெழுத்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளாது. 2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்ததும், மேலிருந்து பாறை விழுந்துகொண்டே இருந்ததால் மீட்பு நாள் கணக்கில் நீண்டதும் நம் மாவட்டத்துக்கு மறக்காது. படிப்படியாக வெட்டி இறங்காத பாறைச்சுவர் ஆபத்தானது என்பதைக் காண லேப்டாப் வேண்டாம். கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். மேலிடத்தில் இருப்பவர் அங்கே இறங்கி நிற்கிறாரா என்பதுதான் விஷயம். அதனால் தம்பியிடம் வாரம் ஒரு மணி நேரம் கேட்டேன். போட்டோகிராபர் இல்லாமல், நைட் ஷிஃப்டில், கம்ப்ரசர் அறைக்குப் போய் ஆபரேட்டரிடம் ஒரே கேள்வி: "இங்க உனக்குப் பயமா இருக்கிற வேலை எது?"

கடைசியில் நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. இளைஞரை உடனே எடுப்பது, ஓய்வுபெற்றவரை ஒரு வருடத்துக்கு அவரோடு சேர்ப்பது. இரண்டு பேரும் ஆறு மாதம் ஆலையைப் பார்த்த பிறகு, சென்னை நிறுவனத்தைக் கூப்பிட்டு அம்மோனியாப் பகுதிக்கு மட்டும் ஹசாப் செய்வது. பாய்லருக்கும் குளிர்கிடங்குக்கும் இப்போதைக்குத் தணிக்கை போதும். அறிக்கையில் வரும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயரும் தேதியும் எழுதி, மாதக் கூட்டத்தில் முதலாளியே வாசிப்பது. மும்பைத் திட்டத்தை இப்போது எடுக்க வேண்டாம். இளைஞரின் சம்பளத்தையும் சேர்த்துத் தம்பி கூட்டிப் பார்த்தார். முதல் வருடச் செலவு மும்பைக் கொட்டேஷனைவிடக் குறைவாகவே வந்தது. கூடுதலாக வந்திருந்தாலும் இந்த வரிசையைத்தான் சொல்லியிருப்பேன்.

மறுவாரம் போன் பண்ணினார். இளைஞர் ஆடி முதல் தேதி சேருகிறார். சுவாசக் கருவி பீரோவின் பூட்டை எடுத்துவிட்டு, உடைத்துத் திறக்கும் கண்ணாடி போட்டாயிற்று. ஆலைக் கூரையில் காற்றுப்பை ஒன்று கட்டியிருக்கிறார்கள், வாசலில் நின்றாலே காற்று எந்தப் பக்கம் என்று தெரிகிறதாம். கிழக்கே இருந்த பச்சைப் பலகையைப் பிடுங்கி மேற்கு வாசல் பக்கம் நட்டுவிட்டதாகச் சொன்னார். கிழக்குப் பக்கமும் ஒன்று இருக்கட்டும் தம்பி, ஐப்பசியில் காற்று திரும்பிவிடும், எந்தப் பலகைக்கு ஓடுவது என்பதைக் காற்றுப்பையைப் பார்த்து முடிவு செய்ய ஆட்களைப் பழக்க வேண்டும் என்றேன். அந்த ஒத்திகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்டுக்கு நானும் போகிறேன்.